கையெழுத்தில் திறந்த கதவு

அரசும் ஆலயமும்: வரலாற்றுத் தொடர் – 17

2001 ஜனவரி 29. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு நிர்வாக ஆணைகளில் கையெழுத்திட்டார். ஒன்று, சமய அமைப்புகளுக்கும் சமூகத் தொண்டு அமைப்புகளுக்கும் என்று வெள்ளை மாளிகைக்குள்ளேயே ஓர் அலுவலகத்தை உண்டாக்கியது. மற்றொன்று, நீதி, கல்வி, தொழிலாளர் நலம், சுகாதாரம், வீட்டுவசதி ஆகிய ஐந்து துறைகளிலும் அதற்கென ஒரு மையத்தைத் திறக்கச் சொன்னது. அந்த மையங்களுக்கு இடப்பட்ட முதல் வேலை, தங்கள் துறையின் மானிய விதிகளைப் புரட்டிப் பார்ப்பது. ஒரு சர்ச்சோ மசூதியோ யூத ஆலயமோ அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் எந்த விதி தடுக்கிறது என்று கண்டுபிடித்துப் பட்டியல் போட வேண்டும்.

ஆதரித்தவர்கள் இதை ஒரு புதிய யுகம் என்றார்கள். எதிர்த்தவர்கள் அரசுக்கும் மதத்துக்கும் இடையே இருந்த சுவர் இடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் அந்த இரண்டு ஆணைகளையும் எத்தனை முறை புரட்டினாலும் அவற்றில் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. பணம் ஒதுக்கும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது. ஜனாதிபதியால் மாற்ற முடிந்தது, ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பணத்துக்கான வரிசையில் யார் யார் வந்து நிற்கலாம் என்பதை மட்டும்தான்.

சட்டம் செய்ய வேண்டியதைக் கையெழுத்து செய்தது. அதனால் விளைந்த லாபமும் நட்டமும்தான் இந்த அத்தியாயம்.

மாடிசன் போட்ட தடை

கொஞ்சம் பின்னால் போய் வரவேண்டும். 1811இல் அலெக்சாண்ட்ரியா நகரம் தலைநகர் வட்டாரத்துக்குள் இருந்தது. அங்கிருந்த எபிஸ்கோபல் திருச்சபைக்குச் சட்டபூர்வ அமைப்பு என்ற தகுதி தரும் மசோதாவைக் காங்கிரஸ் நிறைவேற்றி அனுப்பியது. ஏழைகளைப் பராமரிக்கவும் ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி தரவும் அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு என்று அதில் ஒரு வரி இருந்தது. பிப்ரவரி 21 அன்று ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசன் மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு முக்கியம். ஏழைகளைக் காப்பது பொதுக் கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றும் சட்டப் பொறுப்பை ஒரு மத அமைப்புக்கு, அது மத அமைப்பு என்ற நிலையிலேயே கொடுத்தால், பின்னால் வருகிறவர்களுக்கு அது முன்னுதாரணமாகிவிடும். இத்தனைக்கும் அந்த மசோதாவில் அரசுப் பணம் எதுவும் இல்லை. சபை தன் காசில் செய்வதற்கே சட்டத்தின் முத்திரை கூடாது என்றார், அரசியல் சட்டத்தை வரைவதில் பெரும்பங்கு வகித்த அந்த மனிதர்.

88 ஆண்டுகள் கழித்து, 1899இல், அதே தலைநகரிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பிராவிடன்ஸ் மருத்துவமனையில் தொற்று நோயாளிகளுக்குத் தனிக் கட்டடம் கட்ட அரசுப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. வரி செலுத்துபவர் என்ற முறையில் பிராட்ஃபீல்டு என்பவர் எதிர்த்தார். நீதிமன்றம் அந்த மருத்துவமனையின் சாசனத்தை எடுத்துப் பார்த்தது. 1864இல் காங்கிரஸ் கொடுத்த சாசனம் அது. நோயாளிகளைக் கவனிக்க அமைந்த நிறுவனம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. நிர்வாகிகள் எந்த மதம் என்பது சட்டத்தின் கவலை இல்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது.

மாடிசனின் தடைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு பாதை உருவானது. சபை, சபையாக வந்து கை நீட்டக் கூடாது. தனியாக ஒரு தொண்டு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதற்குத் தனி நிர்வாகக் குழு, தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாம். கத்தோலிக்க அறநிலையங்களும் லூத்தரன் சமூகப் பணி நிறுவனங்களும் யூதக் குடும்பநல அமைப்புகளும் இந்தப் பாதையில்தான் வளர்ந்தன. 1960களில் லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்புக்காகப் பணத்தைக் கொட்டியபோது அதில் கணிசமான பங்கு இவை வழியாகத்தான் ஓடியது. ஆகவே, மத அமைப்புகளுக்கு அரசுப் பணத்தை முதன்முதலில் கொடுத்தவர் புஷ் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாதைக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. அடிமுதல் நுனிவரை சமயம் ஊறிய அமைப்புகளுக்கு நேரடி உதவி கூடாது என்று 1970களில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டிருந்தது. தனி நிறுவனம் பதிவு செய்ய வக்கீலும் கணக்கரும் இல்லாத தெருமுனைச் சபை அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றது. போதைக்கு அடிமையானவர்களுக்கு ஜெபம்தான் மருந்து என்று சொன்ன இல்லமும் அப்படித்தான்.

அலமோவுக்கு முன்னால் ஒரு கூட்டம்

1995இல் அப்படிப்பட்ட இல்லம் ஒன்று டெக்சாஸில் தலைப்புச் செய்தியானது. சான் அன்டோனியோ நகரில் ‘டீன் சேலஞ்ச்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு போதை மீட்பு இல்லம் நடத்திவந்தது. உரிமம் பெற்ற ஆலோசகர்கள் அங்கே இல்லை என்று மாநிலப் போதைத் தடுப்பு ஆணையம் அதை மூடப் பார்த்தது. ஆதரவாளர்கள் அலமோ கோட்டைக்கு முன்னால் திரண்டு குரல் கொடுத்தார்கள். டெக்சாஸ்காரர்களுக்கு அலமோ என்பது வெறும் கட்டடமல்ல. 1836இல் மெக்சிகோ படையிடம் சரணடைய மறுத்து மாண்டவர்களின் நினைவிடம். அப்போது ஆளுநராக இருந்தவர் புஷ். தன் அரசின் ஆணையத்தை விட்டுவிட்டு அவர் இல்லத்தின் பக்கம் நின்றார். 1997இல் இத்தகைய இல்லங்களுக்கு உரிம விதியிலிருந்து விலக்குத் தரும் சட்டமும் அங்கே வந்தது.

இதற்கிடையே வாஷிங்டனில் நடந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1996 ஆகஸ்ட் 22 அன்று பில் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில், மிசௌரி செனட்டர் ஜான் ஆஷ்கிராஃப்ட் 104ஆம் பிரிவைச் சேர்த்தார். நலத்திட்டப் பணத்தை மாநிலங்கள் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும்போது மத அமைப்பு என்பதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது. சபை தன் பெயரையும் சிலுவையையும் வைத்துக்கொண்டே பணம் பெறலாம் என்றது அந்தப் பிரிவு. பயனாளிக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. மத அமைப்பிடம் போக விருப்பமில்லை என்று அவர் சொன்னால், வேறோர் இடத்தை மாநிலம் ஏற்பாடு செய்துதர வேண்டும்.

1999இல் தேர்தல் களம் சூடுபிடித்தபோது இந்த யோசனைக்குக் கட்சி வேறுபாடு இருக்கவில்லை. மே மாதம் அட்லாண்டாவில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பினரிடையே பேசிய ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இதை ஆதரித்தார். ஜூலையில் இண்டியானாபொலிஸில் குடியரசுக் கட்சியின் புஷ், முதல் ஆண்டிலேயே 800 கோடி டாலர் என்று வாக்களித்தார். அதில் பெரும்பகுதி வரிச் சலுகை. இருவரில் யார் வென்றிருந்தாலும் ஏதோ ஒரு கதவு திறந்திருக்கும்.

ஏழு மாத இயக்குநர்

புதிய அலுவலகத்துக்குப் புஷ் தேர்ந்தெடுத்த ஆள், தன் கட்சிக்காரர் அல்ல. ஜான் டிஐலியோ பென்சில்வேனியா பல்கலைக்கழக அரசறிவியல் பேராசிரியர், கத்தோலிக்கர், ஜனநாயகக் கட்சிக்காரர். குற்றவியல் ஆய்வாளராக இருந்தபோது பிலடெல்பியா, பாஸ்டன் நகரங்களின் கறுப்பினச் சபைகள் சிறுவர்களைத் துப்பாக்கிக் கும்பல்களிடமிருந்து மீட்பதைப் பார்த்தவர். அரசுப் பணம் அந்தச் சிறு சபைகளுக்குப் போக வேண்டும் என்பதே அவர் கனவு.

எதிர்ப்பு எதிர்பார்த்த திசையிலிருந்து மட்டும் வரவில்லை. மதச்சார்பின்மை அமைப்புகள் எதிர்த்தது இயல்பு. ஆனால் பிப்ரவரியிலேயே தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் முகம் சுளித்தார். ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்கும் மூன் சபைக்கும் சயின்டாலஜிக்கும்கூடப் பணம் போய்விடுமே என்பது அவர் கவலை. இன்னொரு தொலைக்காட்சிப் போதகரான ஜெர்ரி ஃபால்வெல்லுக்கு இஸ்லாமிய அமைப்புகள் குறித்து அதே தயக்கம். எல்லா மதத்துக்கும் சமவாய்ப்பு என்று எழுதினால் எல்லா மதமும் வரும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. டிஐலியோவும் சும்மா இருக்கவில்லை. மார்ச்சில் எவாஞ்சலிக்கல் சங்கத்தாரின் கூட்டத்துக்கே போய், நகரத்து ஏழைகளோடு வாழும் கறுப்பின, லத்தீன் சபைகளின் அக்கறை வேறு, உங்கள் அக்கறை வேறு என்ற பொருளில் பேசிவிட்டு வந்தார். கூட்டம் ரசிக்கவில்லை.

1996ஆம் ஆண்டுப் பிரிவைப் பல துறைகளுக்கும் விரிவாக்கும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் ஜே.சி. வாட்ஸும் ஜனநாயகக் கட்சியின் டோனி ஹாலும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு நெருங்கியபோது, ஜூலை 10 அன்று வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தியை வெளியிட்டது. சால்வேஷன் ஆர்மியின் உள் ஆவணம் ஒன்று கசிந்திருந்தது. தன்பால் ஈர்ப்பாளர்களை வேலைக்கு எடுப்பது தொடர்பான மாநில, நகரச் சட்டங்களிலிருந்து மத அமைப்புகளுக்கு விலக்களிக்க வெள்ளை மாளிகை உறுதி கொடுத்திருக்கிறது, பதிலுக்கு அமைப்பு மசோதாவை ஆதரிக்கும் என்று அதில் இருந்தது. அப்படி விதி எதுவும் கொண்டுவரப்போவதில்லை என்று அன்றே வெள்ளை மாளிகை அறிவித்தது. ஆனாலும் அதன் பிறகு விவாதம் ஏழைகளைப் பற்றி இல்லை. யாரை வேலைக்கு எடுக்கலாம் என்பதைப் பற்றி மாறிவிட்டது.

ஜூலை 19 அன்று 233க்கு 198 என்ற கணக்கில் மசோதா தேறியது. செனட்டில் தேறவே இல்லை. ஆகஸ்ட் 17 அன்று டிஐலியோ விலகுவதாக அறிவித்தார். பதவியில் இருந்தது சுமார் ஏழு மாதம். அடுத்த ஆண்டு இறுதியில் எஸ்கொயர் இதழில் அவருடைய விமர்சனம் வெளியானது. கொள்கையை உட்கார்ந்து யோசிக்க அந்த மாளிகையில் ஆளில்லை, எல்லாவற்றையும் அரசியல் கணக்குதான் ஓட்டுகிறது என்பது அதன் சாரம். பிறகு அதற்காக மன்னிப்பும் கேட்டார்.

பிலடெல்பியா ஆணை

சட்டம் வராது என்று தெரிந்ததும் புஷ் மீண்டும் பேனாவை எடுத்தார். இந்த முறை இடம், டிஐலியோவின் ஊரான பிலடெல்பியா. 2002 டிசம்பர் 12. அன்று கையெழுத்தான 13279ஆம் எண் ஆணைதான் இன்றுவரை இந்தத் துறையின் அடித்தளம். செனட்டில் சிக்கியதைப் பெருமளவு அந்த ஆணை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது.

அதன் விதிகள் எளிமையானவை. மத அமைப்பு தன் பெயர், சின்னம், நிர்வாகக் குழு எதையும் மாற்றாமல் மானியத்துக்குப் போட்டியிடலாம். கிடைத்த நேரடி மானியத்தை வழிபாட்டுக்கோ மத போதனைக்கோ மதமாற்றத்துக்கோ செலவிடக் கூடாது. அவற்றை நடத்துவதானால் வேறு நேரத்தில் அல்லது வேறு இடத்தில் நடத்த வேண்டும்; கலந்துகொள்வது பயனாளியின் விருப்பம். சாப்பாடு வாங்க வந்தவரிடம் நீ எந்த மதம் என்று கேட்டு ஒதுக்கக் கூடாது. கூடவே, ஜான்சன் 1965இல் பிறப்பித்த பணியமர்த்தல் சமத்துவ ஆணையைத் திருத்தி, அரசு ஒப்பந்தம் பெறும் மத அமைப்புகள் தங்கள் மதத்தவரையே வேலைக்கு எடுக்கலாம் என்று விலக்கும் கொடுத்தார்.

தாளில் தெளிவாக இருந்த இந்தக் கோடு தரையில் மங்கியது. 2006இல் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 26 சமய அமைப்புகளைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தது. சேவையையும் ஜெபத்தையும் பிரித்து நடத்த வேண்டும் என்ற விதியையே சில அமைப்புகள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றது அறிக்கை.

பூசாரி கொடுக்காத வரம்

சமூகவியலாளர் மார்க் சாவெஸ் 1998இல் திரட்டிய தேசியத் தரவு ஒன்றுண்டு. அரசுப் பணம் கிடைத்தால் விண்ணப்பிப்பீர்களா என்று கேட்டதற்கு 36 சதவீதச் சபைகள் ஆம் என்றன. கறுப்பினச் சபைகளில் இது 64 சதவீதம். அப்போது உண்மையில் அரசுப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவை சுமார் 3 சதவீதம். டிஐலியோ மனதில் வைத்திருந்தது இந்த இடைவெளியைத்தான். ஆணை அதை நிரப்பியதா?

மத்திய அரசின் நலத்திட்டப் பணத்தில் பெரும்பகுதி மாநிலங்களுக்கு மொத்தமாகப் போய்விடுகிறது. வாஷிங்டனிலிருந்து நேரடியாகப் போட்டி வைத்துக் கொடுக்கப்படுவது சிறு பகுதிதான். அந்தப் போட்டியில் நுழைய, டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற தனியார் நிறுவனம் தரும் ஒன்பது இலக்க எண் 2003 முதல் 2022 வரை கட்டாயமாக இருந்தது. திட்டத்தின் நோக்கம், பட்ஜெட், எத்தனை பேருக்குப் பயன், அதை எப்படி அளப்பது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். வென்றாலும் பல திட்டங்களில் பணம் முன்கூட்டி வராது; செலவழித்துவிட்டுக் கணக்குக் காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். ஆண்டில் 5 லட்சம் டாலருக்கு மேல் மத்திய அரசின் பணத்தைச் செலவிட்டால் அப்போது தனித் தணிக்கையும் உண்டு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுப்பதில்லை என்பார்கள். இங்கே பூசாரி, விண்ணப்பப் படிவம். அரசியல் சட்டத்தின் பெயரால் மூடியிருந்த கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் கணக்குப் புத்தகத்தின் பெயரால் இன்னொரு கதவு இருந்தது. அதை ஆணையால் திறக்க முடியாது.

அரசுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் கருணை மூலதன நிதி என்று ஒன்று வந்தது. 2002இல் காங்கிரஸ் இதற்கு 3 கோடி டாலர் ஒதுக்கியது. சுமார் இரண்டரைக் கோடி டாலர் 21 இடைநிலை அமைப்புகளுக்குப் போனது. விண்ணப்பம் எழுதுவது, கணக்கு வைப்பது, ஆள் நிர்வகிப்பது ஆகியவற்றை அவை சிறு அமைப்புகளுக்குக் கற்றுத்தர வேண்டும். சிறு தொகைகளைப் பிரித்தும் கொடுக்கலாம். பிறகு, நேரடியாக 50,000 டாலர் வரையிலான சிறு மானியங்களும் வந்தன. அந்த முதல் 21 பேர் பட்டியலில் ‘ஆப்பரேஷன் பிளெஸ்ஸிங்’ என்ற அமைப்பும் இருந்தது. 5 லட்சம் டாலர். அதை நிறுவியவர், ஹரே கிருஷ்ணாவுக்குப் பணம் போய்விடுமே என்று கவலைப்பட்ட அதே பேட் ராபர்ட்சன்.

இன்னொரு வழியை உச்ச நீதிமன்றமே காட்டியது. கிளீவ்லாந்து நகரில் பெற்றோர் கையில் பள்ளிக் கட்டணச் சீட்டைக் கொடுத்து, அவர்கள் மதப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் அது அரசின் குற்றமல்ல என்று 2002 ஜூனில் தீர்ப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் புஷ், போதை மீட்புக்கு மூன்றாண்டில் 60 கோடி டாலர் என்று அறிவித்தார். சீட்டு நோயாளியின் கையில். எந்த இல்லம் என்பது அவர் முடிவு. பணம் மறைமுகமாக வருவதால், இல்லத்தில் ஜெபமே சிகிச்சையாக இருந்தாலும் தடையில்லை. 2004இல் 14 மாநிலங்களும் ஒரு பழங்குடி அமைப்பும் இதைப் பெற்றன. சான் அன்டோனியோவில் கிளம்பிய கேள்விக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது.

பலவீனமே கவசம்

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலிருந்து, மதத்திலிருந்து விடுதலை கோரும் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. சமய அமைப்புகளுக்காக வெள்ளை மாளிகை நடத்தும் மாநாடுகள் மக்கள் வரிப்பணத்தில் மதத்துக்கு விளம்பரம் செய்கின்றன என்பது வாதம். 2007 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பளித்தது. மாநாடு சரியா தவறா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை. காங்கிரஸ் குறிப்பாக ஒதுக்கிய பணமாக இருந்தால் வரி செலுத்துபவர் வழக்காடலாம். இது ஜனாதிபதி தன் பொதுச் செலவிலிருந்து எடுத்தது, ஆகவே உங்களுக்கு வழக்காட உரிமையே இல்லை என்று அனுப்பிவிட்டது.

செனட்டில் சட்டம் தேறாததை எல்லோரும் இந்தத் திட்டத்தின் பலவீனமாகப் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் அதுவே கவசமானது. சட்டம் இல்லாததால்தான் அதைத் தாக்க வழியில்லாமல் போனது.

அரசியல் கணக்கில் கதை வேறு. அலுவலகத்தின் துணை இயக்குநராக இருந்த டேவிட் குவோ 2006இல் எழுதிய நூலில், வாக்களித்த பணம் வரவில்லை என்றும், அலுவலகத்தின் கூட்டங்கள் இழுபறித் தொகுதிகளைப் பார்த்து நடத்தப்பட்டன என்றும் எழுதினார். வெள்ளை மாளிகை மறுத்தது.

பேனா கை மாறியபோது

ஒபாமா வந்தால் இந்த அலுவலகத்தை மூடிவிடுவார் என்று நினைத்தவர்கள் உண்டு. 2009 பிப்ரவரி 5 அன்று அவர் அதை மூடாமல் பெயரை மாற்றினார். 26 வயது பெந்தெகொஸ்தே இளைஞர் ஜோஷுவா டுபோய் தலைமையேற்றார். அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு மதம் பார்த்து ஆள் எடுக்க விடமாட்டேன் என்று தேர்தல் காலத்தில் ஒபாமா சொன்னது நடக்கவில்லை. வேர்ல்ட் விஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு பெற்ற 15 லட்சம் டாலர் மானியம் தொடர்பாக, மதம் பார்த்து ஆள் எடுக்கும் உரிமையை ஏற்று புஷ் கால நீதித் துறை 2007இல் எழுதிய சட்டக் கருத்தையும் அவர் அரசு திரும்பப் பெறவில்லை.

அவர் சேர்த்தது பயனாளிக்கான பாதுகாப்பு. 2010 நவம்பர் ஆணைப்படி, மத அமைப்பிடம் போக விரும்பாதவருக்கு அந்த அமைப்பே வேறிடம் காட்ட முயல வேண்டும். இந்த உரிமையை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். விதிகள் முழுமையாக வர 2016 ஆனது. 2018 மே மாதம் டிரம்ப் தன் ஆணையால் வேறிடம் காட்டும் கடமையை நீக்கினார். 2021 பிப்ரவரியில் பைடன் அலுவலகத்தை மீட்டமைத்தார். 2024 விதிகளில் அறிவிப்புக் கடமை திரும்ப வந்தது. 2025 பிப்ரவரி 7 அன்று டிரம்ப் மீண்டும் புதுப் பெயரில் ஓர் அலுவலகம் திறந்தார்.

இத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 104ஆம் பிரிவு அசையவே இல்லை. அந்த நலத்திட்டத்தின் கீழ் வரும் ஓர் ஏழைத் தாய், சபைக்குப் போக மாட்டேன் என்று சொன்னால் மாநிலம் இன்றும் வேறிடம் காட்டியாக வேண்டும். வேறு துறையின் திட்டத்தில் வரும் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமை உண்டா என்பது, அந்த ஆண்டு வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. புஷ்ஷின் குறுக்குவழி சபைகளுக்கு வாசலைத் திறந்துவிட்டது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்ற ஏழைகள்.

2005இல் இதே அமெரிக்கக் காங்கிரஸ், சத்தமில்லாமல் வேறொரு மானியத்தைத் தொடங்கியது. தாக்குதல் ஆபத்துள்ள லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கேமராவும் வலுவான கதவும் வாங்கப் பணம். முதல் ஆண்டு 2.5 கோடி டாலர், 2023இல் 30.5 கோடி டாலர். இதில் கணிசமான பங்கு யூத ஆலயங்களுக்கும் பிற வழிபாட்டு இடங்களுக்கும் போகிறது. சோறு போடும் சபைக்குப் பணம் தருவதில் அத்தனை சண்டை போட்டவர்கள், வழிபாட்டு இடத்தின் கதவுக்கே பணம் தர எப்படி உடன்பட்டார்கள்? அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

(தொடரும்)